ஈரடுக்கு நீர்க்கரைசலில் நொதி பிரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலிஎத்திலீன் கிளைக்காலையும் (பிஇஜி) பொட்டாசியம் பாஸ்பேட்டையும் போதிய செறிவில் நீரில் கலந்தால் கரைசல் இரண்டடுக்காகப் பிரியும். மேலே பிஇஜி, கீழே உப்பு. இரண்டிலும் நீரே மிகுதி என்பதால் நொதி பெரும்பாலும் செயல் குன்றாமல் ஒரு பக்கம் சேரும். முறை எளிது. கெடுவது பெரும்பாலும் எடை போடும் இடத்திலும் அளக்கும் இடத்திலும்தான்.

50% பிஇஜி கரைசல் பைப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கன அளவில் கலக்காதீர்கள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துச் சேருங்கள். 15% பிஇஜி 4000 (எண் மூலக்கூறு எடையைக் குறிக்கும்), 14% பாஸ்பேட் கொண்ட 10 கிராம் கலவைக்கு 50% பிஇஜி கரைசல் 3 கிராம், 40% பாஸ்பேட் கரைசல் 3.5 கிராம், நீர் 1.5 கிராம். இவை நன்கு கலந்தபின் 2 கிராம் நொதிச் சாறு. அடர் உப்புக் கரைசலை நேரே சாற்றில் ஊற்றினால் புரதம் அங்கேயே திரண்டு படியும். சாற்றில் அம்மோனியம் சல்பேட் மிச்சமிருந்தால் அதுவும் உப்புக் கணக்கில் சேர்ந்து அடுக்குகளின் அளவையே மாற்றிவிடும்; முதலில் டயாலிசிஸ் (நுண்துளைப் பையில் இட்டு உப்பை வெளியேற்றுவது) செய்யுங்கள். சோடியம் பாஸ்பேட் குளிரறையில் படிகமாகிவிடும், பொட்டாசியம் உப்பே நல்லது.

கால்சியத்தை நம்பி நிற்கும் ஆல்ஃபா அமைலேஸ் போன்ற நொதிகளுக்குப் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் ஆகாது. பிஇஜி–டெக்ஸ்ட்ரான் (சர்க்கரைப் பலபடி) இணை பாதுகாப்பானது.

மாதிரி எடுக்கையில் இடைமுகத்தை (இரு அடுக்கும் சந்திக்கும் எல்லையை) ஒட்டி உறிஞ்சக் கூடாது. அங்கே புரதம் வெள்ளையாகத் தேங்கும். அதையும் கரைத்து அளக்க வேண்டும். மேல், கீழ், இடைமுகம் மூன்றின் செயல்பாட்டையும் கூட்டினால் இட்ட அளவு வர வேண்டும். வராவிட்டால் மற்ற எண்களை நம்ப வேண்டாம். புரத அளவீட்டில் பிஇஜியும் பாஸ்பேட்டும் குறுக்கிடும். புரதமில்லாமல் அதே கலவையைத் தயாரித்து, அதன் அந்தந்த அடுக்கையே வெற்று மாதிரியாக வையுங்கள். வெறும் நீர் போதாது.

பலரும் சறுக்குவது பங்கீட்டுக் குணகத்தை (மேல் அடுக்கின் செறிவைக் கீழ் அடுக்கின் செறிவால் வகுத்தது) மட்டும் பார்ப்பதில். நொதியின் குணகம் 5, மாசுப் புரதத்தின் குணகம் 0.5 என்று கொள்வோம். மேல் அடுக்கு கீழ் அடுக்கைப்போல் இரு மடங்கு இருந்தால் நொதி 91% மேலே வரும். மாசும் 50% கூடவே வரும். ஒரே இணைப்புக் கோட்டில் (அடுக்குகளின் கலவை மாறாமல் அவற்றின் அளவு மட்டும் மாறும் கோட்டில்) நகர்ந்து மேல் அடுக்கைக் கீழ் அடுக்கின் பாதியாகக் குறைத்தால், குணகம் மாறாமலே நொதி 71%, மாசு 20% ஆகும். தூய்மை ஏறத்தாழ 1.8 மடங்கிலிருந்து 3.6 மடங்காக உயர்கிறது. விளைச்சலா தூய்மையா என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு அடுக்குகளின் கன அளவைத் தேர்ந்தெடுங்கள்.

நொதி மேலே வரவில்லையா? பிஇஜி மூலக்கூறு எடையைக் கூட்டாதீர்கள். அது புரதத்தைக் கீழே தள்ளும். 1000 அல்லது 1500-க்கு இறங்கிப் பாருங்கள்.

கடைசியில் பிஇஜியை நீக்க டயாலிசிஸ் பையை நம்பி உட்கார வேண்டாம். நீரில் விரிந்து பருக்கும் 6000 பிஇஜி பையின் துளைகளில் எளிதில் நுழையாது. மேல் அடுக்கைத் தனியே எடுத்து, பிஎச் மாற்றிய புது உப்புக் கரைசலோடு மறுபடி கலந்து நொதியைக் கீழே இறக்கலாம். அல்லது மேல் அடுக்கில் கரைந்திருக்கும் பாஸ்பேட் குறையும் அளவு நீர் விட்டு நீர்க்கச் செய்து, அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய குழாயில் ஏற்றலாம். மின்னூட்டமில்லாத பிஇஜி வழிந்து போய்விடும், நொதி தங்கும்.