சோலர் தேடலில் பூச்சியமாகிப் போன புள்ளிகள்

அம்பாறை மாவட்டக் கடைகளின் பொருள் தேடலை அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முடிவும் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அது புள்ளி போட்டு வரிசைப்படுத்தும். 'சாரம்' (இடுப்பில் கட்டும் லுங்கி) என்று தேடினால் மருதமுனைக் கடைகள் மேலே வரட்டும் என்று, அந்த ஊருக்கென்று ஒரு துணை வினவல் எழுதி, ஈடிஸ்மேக்ஸின் (சோலர் வினவலைப் படிக்கும் பகுதி) பூஸ்ட்டில், அதாவது புள்ளியை ஏற்றும் அமைப்பில், கொயரி ஃபங்ஷனாகக் கொடுத்தோம்; ஒரு துணை வினவலுக்குக் கிடைக்கும் புள்ளியைத் தருவது அந்த ஃபங்ஷன். மருதமுனை ஏறியது. ஆனால் கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளுக்குப் பொருத்தம் பார்த்த அடையாளமே இல்லை; இண்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணை) ஏறிய வரிசையிலேயே வந்தன.

இண்டெக்ஸை மறுபடி கட்டினேன், சொற்களைப் பிரிக்கும் அனலைசரை மாற்றினேன், பயனில்லை. நாட்கள் போயின. அப்புறம் டீபக் கொயரி என்ற பிழைகாணும் வசதியில் புள்ளிக் கணக்கைப் பார்த்தால், அவை எல்லாவற்றுக்கும் 0! துணை வினவலுக்குப் பொருந்தாத ஆவணத்துக்கு (இங்கே, கடைப் பதிவு) கொயரி ஃபங்ஷன் தரும் இயல்பு மதிப்பு 0; பூஸ்ட்டோ அதை முதன்மைத் தேடலின் புள்ளியோடு பெருக்கும், அதனால் மொத்தமும் 0.

இயல்பு மதிப்பை 1 ஆக்கினால் மட்டும் போதாது: பொருந்திய கடைக்குத் துணை வினவல் தரும் புள்ளி 1க்குக் கீழே வந்தால் அது மற்றவற்றுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே சம் ஃபங்ஷனால் 1ஐயும் கொயரியையும் கூட்டிக் கொடுத்தேன். வரிசை சரியாகிவிட்டது. பெரிய நிம்மதி.