பயனர் அனுமதிகளை நிர்வகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இணையதளத்தைப் பலர் சேர்ந்து நடத்தத் தொடங்கியதும், வேலை தடைபடக் கூடாது என்று எண்ணி எல்லோரையும் நிர்வாகியாக்கிவிடுவது மிகப் பரவலான தவறு. கட்டுரை எழுதித் தருவதற்காகச் சேர்க்கப்பட்டவருக்கு, தளத்தில் புதிய வசதிகளைக் கூட்டும் செருகுநிரல்களை நிறுவவும் பிற பயனர்களை நீக்கவும் அதிகாரம் எதற்கு? அவர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும், அவருடைய கடவுச்சொல் களவு போகும் நாளில் அந்த அதிகாரம் முழுவதும் களவாடியவரிடம் போய்ச் சேரும். ஒவ்வொரு பயனரும் தம் பணிக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமைகளோடு மட்டுமே இயங்க வேண்டும் என்பதை, கணினி அறிவியலாளர்களான ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே அடிப்படை நெறிகளுள் ஒன்றாக வகுத்துவிட்டார்கள்.

இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் அமைந்த தளத்தில் நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து பொறுப்புகள் இயல்பாகவே உள்ளன. பங்களிப்பாளர் கட்டுரை எழுதலாம். ஆனால் அதை வெளியிடவோ படங்களைப் பதிவேற்றவோ அவரால் இயலாது. பெரும்பாலும் சறுக்கல் இங்கேதான் நேர்கிறது. படம் சேர்க்க முடியவில்லை என்று அவர் முறையிட்டதும், அந்த ஓர் அனுமதியை மட்டும் சேர்த்துக் கொடுப்பதற்கு மாறாக, அவரை ஒரே பாய்ச்சலில் நிர்வாகியாக உயர்த்திவிடுகிறார்கள். அவசரத்தில் தரப்பட்ட அந்த உயர்வு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தற்காலிகமாக எதைக் கொடுத்தாலும், அதைத் திரும்பப் பெறும் நாளையும் அப்போதே குறித்து வைப்பது நல்லது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று தளத்தைத் திறந்து வைத்திருப்பவர்கள், புதிய பயனருக்குத் தானாகக் கிடைக்கும் பொறுப்பு சந்தாதாரர்தானா என்பதையும் இன்றே சரிபார்க்க வேண்டும்.

நிரல் எழுதுவோர் செய்யும் தவறு இதைவிட ஆபத்தானது. அனுமதியில்லாதவரின் திரையிலிருந்து பொத்தானையோ பட்டியலையோ மறைத்துவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக அவர்கள் நம்பிவிடுகிறார்கள். முகவரியில் உள்ள ரசீது எண் 41-ஐ 42 என்று மாற்றியதும் இன்னொருவரின் ரசீது திறந்துகொள்ளுமானால், மறைத்த பொத்தானால் என்ன பயன்? கேட்பவருக்கு அந்தக் குறிப்பிட்ட பதிவைக் காணும் உரிமை உண்டா என்பதை ஒவ்வொரு கோரிக்கையின்போதும் சர்வரே சோதிக்க வேண்டும். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு தொகுக்கும் பத்து முதன்மை அபாயங்களின் பட்டியலில், 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு 2021-இல் முதலிடத்துக்கு வந்தது. வேர்ட்பிரஸில் ‘இஸ் அட்மின்’ (is_admin) என்ற செயற்கூற்றின் பெயரைப் பார்த்து, பயனர் நிர்வாகியா என்று அது சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கேட்கப்படும் பக்கம் நிர்வாகப் பகுதியைச் சேர்ந்ததா என்பதை மட்டுமே அது சொல்லும்.

ஒரே கணக்கைப் பலர் பகிர்ந்துகொள்வதும் கூடாது. பக்கம் ஒன்று காணாமல் போனால் நீக்கியவர் யார் என்று எந்தப் பதிவேடும் காட்டாது.

பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அப்படியே விட்டுவைப்பது ஒரு தவறு என்றால், பதறிப்போய் உடனே நீக்குவது இன்னொரு தவறு. வேர்ட்பிரஸில் பயனரை நீக்கும்போது, அவர் எழுதியவற்றையும் சேர்த்து அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று கேட்கப்படும். கவனிக்காமல் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய கட்டுரைகள் எல்லாம் போய்விடும். முதலில் அவரைச் சந்தாதாரராகத் தாழ்த்தி, அவர் ஏற்கெனவே உள்நுழைந்து திறந்து வைத்திருக்கும் அமர்வுகளை முடித்துவைத்து, படைப்புகளை யார் பெயருக்கு மாற்றுவது என்று முடிவு செய்த பிறகு கணக்கை நீக்கலாம்.

இந்த மாற்றங்களை நிர்வாகி தம் கணக்கிலிருந்தே சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும், ஏனெனில் அவருக்கு எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து, செய்யக் கூடாதவற்றைச் செய்ய முயன்று பார்க்க வேண்டும்.