டிரெட்மில் பட்டையை விடுங்கள்: கொழுப்பு கரையும் வேகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

ஜிம்மில் டிரெட்மில் முகப்பில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். மெதுவாகப் போனால் கொழுப்பு எரியும், வேகமாகப் போனால் இதயத்துக்குப் பயிற்சி என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி மூன்று மாதம் ஆமை வேகத்தில் நடந்தேன். எடை இம்மியும் அசையவில்லை. பட்டை சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை.

உடம்புக்கு முக்கியமாக இரண்டு எரிபொருள்: கொழுப்பும், தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தும். மெதுநடையில் கொழுப்பின் பங்கு அதிகம். வேகம் கூடினால் மாவுச்சத்து முந்திக்கொள்ளும், அதிலிருந்துதான் சக்தியைச் சட்டென்று எடுக்க முடியும். ஆனால் பங்கு வேறு, அளவு வேறு. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். அரை மணி மெதுநடைக்கு 100 கலோரி, அதில் கொழுப்பு 60 சதவீதம் என்றால் 60 கலோரி. வேகநடைக்கு 180 கலோரி, கொழுப்பு 45 சதவீதம் என்றால் 81 கலோரி. பங்கு குறைந்தும் அளவு கூடிவிட்டது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஆக 81 கலோரி என்பது 9 கிராம், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் எண்ணெய். நடை முடிந்து சாப்பிடும் ஒரு மெதுவடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்!

அதற்காக ஓடிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை வைத்து 1993-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறனில் 25, 65, 85 சதவீதம் என மூன்று வேகங்களில் அளந்தார்கள். கொழுப்பு அதிகம் எரிந்தது நடுவில் உள்ள 65-இல்தான். 85-இல் குறைந்துவிட்டது. பயிற்சி இல்லாதவர்களுக்கு இந்த உச்சம் பொதுவாக இன்னும் கீழேயே வந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் வேகம் உங்களுக்குப் பொருந்தாது.

படி 1: பேசிப் பாருங்கள். பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடானதும் மாத மளிகைப் பட்டியலைச் சத்தமாகச் சொல்லுங்கள். 'துவரம்பருப்பு ரெண்டு கிலோ, புளி அரை கிலோ, கடலை எண்ணெய் ஒரு லிட்டர்' என்று மூச்சு விடாமல் ஓடினால் வேகம் போதாது. 'துவரம்பருப்பு' என்றதும் மூச்சு வாங்கினால் ரொம்ப அதிகம். ஒரு வரியை முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு முன் மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறதா? அதுதான் உங்கள் இடம். பார்க்கில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

படி 2: நாடியை எண்ணுங்கள். அதே வேகத்தில் நடந்து நின்றவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதை நோட்டில் எழுதி வையுங்கள். 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு சுமாராகத் தெரியும். 40 வயதுக்கு 180. ஆளுக்கு ஆள் இது நன்றாகவே மாறும், அதனால் மளிகைப் பட்டியலையே நம்புங்கள். ரத்த அழுத்த மாத்திரைகள் சில துடிப்பைக் குறைக்கும், அப்போது எண் ஏமாற்றும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் நெஞ்சுவலி உள்ளவர்களும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

படி 3: வாரம் ஐந்து நாள், 30 நிமிடம். இந்த வேகத்திலேயே ஆறு வாரம். அப்புறம் வாரம் ஒருநாள் மட்டும் ஒரு நிமிட வேகம், இரண்டு நிமிட மெதுநடை என ஆறேழு தடவை.

படி 4: பேச்சையும் நாடியையும் மறுபடியும் சோதித்துப் பாருங்கள். இந்தப் பயிற்சியால் தசை செல்களில் மைட்டோகாண்ட்ரியா (எரிபொருளைச் சக்தியாக மாற்றும் நுண்ணிய பாகங்கள்) பெருகும், நுண் ரத்தக்குழாய்கள் கூடும். முன்பு மாவுச்சத்தில் ஓடிய வேகத்தில் இப்போது கொழுப்பும் கூடுதலாகக் கை கொடுக்கும்.

அதே பாதையில், அதே வேகத்தில் எனக்கு 128 ஆக இருந்த துடிப்பு எட்டாவது வாரம் 116. மளிகைப் பட்டியல் முழுவதும் தடங்கலில்லாமல் வந்தது. வேறு வழியில்லை, வேகத்தைக் கூட்டிவிட்டு படி 1-க்கே திரும்பினேன்.