வெண்புள்ளிக்காரர்கள் செய்யும் தவறுகள், நான் செய்தவை உட்பட

போன வாரம் எங்கள் பில்டிங் மூன்றாம் மாடிப் பையன் வந்து முழங்காலைக் காட்டினான். "அக்கா, வெள்ளைக்குள்ள பழுப்பு பழுப்பா புள்ளி வருது. லைட்டு ட்ரீட்மென்ட் எனக்கு ஒத்துக்கல போல, நிறுத்திட்டேன்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு, அவன் காபியோடு தப்பித்தது அதிர்ஷ்டம். கோபம் அவன் மேல் இல்லை. 2009-இல் இதையே செய்த என் மேல்தான்.

வெண்புள்ளி தொற்றாது, மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வராது என்பதையெல்லாம் நான் மறுபடி சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது.

ஆறுவதைப் பரவுவதாக நினைப்பது

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைத் தயாரிக்கும் மெலனோசைட் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று எண்ணி அழிப்பதுதான் வெண்புள்ளி. மேல்தோலில் செல் போய்விட்டாலும், மயிர்க்கால்களுக்குள் கொஞ்சம் பதுங்கியிருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கொடுக்கும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி, அந்த மிச்சத்தைத் தூண்டி மேலே வரவைக்கிறது. அதனால் நிறம் பெயின்ட் அடித்தாற்போல ஒரே சீராக வராது. ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும். கோலத்துக்கு முதலில் புள்ளி வைக்கிறோமே, அந்த மாதிரி. புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர மாதக்கணக்காகும். அதுவரை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

அதற்கும் முன்னால் இன்னொரு ஏமாற்று உண்டு. முதல் சில வாரங்களில் சுற்றியுள்ள நல்ல தோல் கறுத்துவிடும். நடுவில் இருக்கும் வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரியும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு நோய் முற்றுகிறது என்றே தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மும்பை செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயில் பிடித்து, குர்லாவில் மாறி, வாரம் மூன்று நாள் இந்த லைட்டுக்குப் போய் வந்தேன். மூன்றாம் மாதம் கணுக்காலுக்கு மேலே புள்ளிகள் வந்தன. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. ஜூன் மழையும் பிடித்துக்கொண்டது, நிறுத்திவிட்டேன். அப்புறம் ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த 'சஃபேத் தாக் (வெண்புள்ளி), நூறு நாளில் கியாரன்டி' நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு ஓரிடத்துக்குப் போனேன். முன்பணம் முப்பத்தைந்தாயிரம். கார்போக அரிசி எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் உட்காரச் சொன்னார்கள். கார்போக அரிசியில் இருக்கும் சோரலென் தோலை வெயிலுக்குப் பலமடங்கு கூச்சமுள்ளதாக ஆக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மொட்டைமாடியில் அரைமணி நேரம். அடுத்த நாள் கால் முழுக்கக் கொப்புளம். புண் ஆறிய இடங்களில் புது வெள்ளை.

பணம் போனது கூடப் பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். என் கணுக்காலில் இருந்த முடியும் வெளுத்திருந்தது. முடி வெளுத்த இடத்தில் தூண்டிவிட மிச்சம் அனேகமாக இருக்காது. ஒரு காலத்தில் எனக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்த அதே இடம்! இன்றும் அந்தக் காலைக் கழுவும்போது எரிச்சலாக வருகிறது.

ஆகவே மாதம் ஒரு போட்டோ எடுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம். கண்ணை நம்பாதீர்கள், அது நேற்றைய தோலை மறந்துவிடும். ஆறு மாதம் ஆகாமல் பலனில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முகமும் கழுத்தும் சீக்கிரம் இசைந்துகொடுக்கும். விரல் நுனியும் பாதமும் ரொம்பவே பிடிவாதம். நிறுத்துவதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மூன்றாம் மாடிப் பையன் திங்கட்கிழமை மறுபடி போனான். முதல் போட்டோவை என் சமையலறை ஜன்னலோரம் நானே எடுத்தேன்.

ஸ்டிக்கர் பொட்டு

நெற்றியில் பொட்டு அளவுக்கே வட்டமாக வெளுத்தால் பொட்டின் பசையைச் சந்தேகப்படுங்கள். சில பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நிறச் செல்களைக் கொன்றுவிடும். ரப்பர் செருப்பு வார் பட்ட இடத்திலும் இதே கதை நடக்கலாம். முதலில் பொட்டை நிறுத்துங்கள், அப்புறம் டாக்டர்.

டாக்டர் எழுதிய ஒரே சீட்டில் ஒரு வருடம் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் வாங்குவது

தோல் காகிதமாக மெலியும். வேண்டாம்.

நார் போட்டுத் தேய்ப்பது, பாவாடை நாடாவை இறுக்குவது

உரசல் பட்ட இடத்தில் புது வெள்ளை கிளம்பலாம்.

தைராய்டு பார்க்காமல் விடுவது

பாருங்கள். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்.

குஷ்டம் என்று சொல்வது

நம் வீட்டுப் பெரியவர்கள் 'வெண்குஷ்டம்' என்பார்கள். மும்பையில் குழப்பம் இன்னும் ஒரு படி மேலே. மராத்தியில் 'கோட்' என்றால் வெண்புள்ளி. இந்தியில் கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள சொல்லுக்குத் தொழுநோய் என்று பொருள். என் ஆபீஸில் மராத்திக்காரத் தோழி ஒருத்தி என் நல்லதுக்காகவே, "பாவம், அவளுக்குக் கோட்" என்று சொல்லிவைத்தாள். இந்தி பேசும் பெண் ஒருத்தி ஒரு மாதம் என் டப்பா பக்கமே வரவில்லை. கடைசியில் ஒரு குண்டூசியை எடுத்து வெள்ளையில் மெல்லத் தொட்டுக் காட்டி, "வலிக்கிறது, பார்" என்றேன். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மரத்திருக்கும், வெண்புள்ளியில் அப்படி இல்லை. அவள் நம்பினாளோ என்னவோ, மறுநாள் புளியோதரை கேட்டாள்.