முதலாமாண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அந்த விடைத்தாளை மடித்து வைக்காதீர்கள்

கல்லூரி முதலாமாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் வேறு வேறு பிள்ளைகள் வருகிறார்கள். சறுக்கும் இடங்கள் மட்டும் மாறுவதில்லை. அவற்றில் பாதி, அந்த வயதில் நானே சறுக்கிய இடங்கள். அதனால்தான் யாராவது அந்தப் பக்கம் கால் வைக்கும்போதே எனக்குப் பதறுகிறது.

நேரத்துக்குத் தூங்கு, போனைத் தள்ளி வை, கடைசி நாள் வரை தள்ளிப்போடாதே என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. வீட்டிலேயே நூறு முறை சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். தவறு என்றே தெரியாமல், சில நேரம் நல்ல பழக்கம் என்று நினைத்தே செய்பவை சில உண்டு. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரும்பத் திரும்ப வாசித்தால் படித்தாகிவிட்டது என்று நம்புவது

பாடத்தை நான்கு முறை வாசித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசிவிட்டால் எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். தேர்வறையில் புத்தகம் இருக்காது என்பதுதான் சிக்கல். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். கல்லூரித் தேர்வு எதுவும் ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

பள்ளியில் நன்றாகப் படித்தவர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அங்கே சின்னச் சின்னத் தேர்வுகளை வைத்து, நினைவிலிருந்து எழுதும் வேலையை ஆசிரியரே வாங்கிக்கொண்டிருந்தார். இங்கே அதை யாரும் செய்யமாட்டார்கள். வகுப்பு முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அங்கிருந்துதான் படிக்க வேண்டும்.

குறைந்த மதிப்பெண் வந்த விடைத்தாளை மடித்துப் பைக்குள் போடுவது

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

முதல் தேர்வின் விடைத்தாள்களைக் கொடுக்கும் நாளில் பார்த்தாலே தெரியும். நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டி, கூட்டலைச் சரிபார்த்து, விட்டுப்போன அரை மதிப்பெண்ணுக்கு வந்து நிற்பார்கள். குறைவாக வாங்கியவர் மேலே உள்ள எண்ணை மட்டும் பார்ப்பார். உடனே தாளை நான்காக மடித்துப் பையின் அடியில் திணித்துவிடுவார். யார் அதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டுமோ, அவர் பார்ப்பதில்லை.

அடுத்த வாரம் அவர் கடைசி பெஞ்சில் இருப்பார். அதற்கடுத்து என்னைப் பார்த்தால் வராண்டாவில் வழி மாறுவார். அசைன்மென்ட் வராது, ஏனென்றால் அதைக் கொடுக்க என் மேசைக்கு வந்தாக வேண்டும். பிறகு ஆளே வரமாட்டார். சோம்பேறி என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். உள்ளே நடப்பது வெறும் கூச்சம். “அடுத்த தேர்வில் சேர்த்து எடுத்துவிடுகிறேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார். எங்கே ஓட்டை என்று பார்க்காமல் எதை எடுப்பது?

ஒருமுறை, செமஸ்டர் முடியும் தறுவாயில் ஒரு மாணவி வந்தார். “சார், எனக்கு பிசிக்ஸ் செட்டே ஆகலை. டிபார்ட்மென்ட் மாறிடலாமான்னு யோசிக்கிறேன்.” மடித்து வைத்த தாள்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். இயற்பியல் தாளில், சீரிசை இயக்கத்தின் (ஊசல்போல முன்னும் பின்னும் ஆடும் இயக்கத்தின்) இடப்பெயர்ச்சியைக் கொடுத்துத் திசைவேகம் கேட்டிருந்தார்கள். கொசைன் ஒமேகா டி-யை வகையிட வேண்டும். மைனஸ் சைன் என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். சங்கிலி விதிப்படி, அடைப்புக்குள் இருப்பதையும் வகையிட்டு வெளியே பெருக்க வேண்டும். அப்படி வெளியே வர வேண்டிய ஒமேகா மட்டும் வரவில்லை. அதனால் அடுத்த வரியில் முடுக்கத்துக்கு வர வேண்டிய ஒமேகா வர்க்கமும் இல்லை. மனப்பாடம் செய்த கடைசி வரியை அப்படியே கீழே ஒட்டியிருந்தார். திருத்தியவர் முழு விடையையும் சிவப்பில் அடித்துவிட்டார்.

மின்சுற்றுப் பாடத்தின் தாளைப் பிரித்தோம். மின்தேக்கியில் பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் இடத்தில் அதே ஒமேகா காணவில்லை. என் பாடத்துத் தாளிலும் அதே சங்கிலி விதிதான் தவறியிருந்தது. மூன்று பாடங்களில் கோட்டைவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார், ஆனால் மூன்றிலும் விட்டது ஒரே விதி. ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டதில் சரியாகிவிட்டது. முதல் தேர்வு முடிந்த வாரமே வந்திருந்தால், இடையில் இருந்த அத்தனை நாளும் தன்னை மக்கு என்று நம்பியிருக்க வேண்டியதில்லை. எனக்கு ஆறாதது அந்த நாட்கள்தான். மதிப்பெண்ணைப் பிறகு மீட்டுவிடலாம்.

‘எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை’ என்ற எண்ணம்தான் வாயைக் கட்டிப்போடுகிறது. மில்லர், மெக்ஃபார்லண்ட் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே புரியாதபடி எழுதிய கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சந்தேகம் இருந்தால் வந்து கேட்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். கூச்சத்தில் யாரும் போகவில்லை. தான் கேட்காததற்குக் காரணம் கூச்சம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். மற்றவர்கள் கேட்காதது மட்டும் அவர்களுக்குப் புரிந்துவிட்டதால்தான் என்று நினைத்தார்கள். உங்கள் வகுப்பின் அமைதியும் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்.

இதை மாற்றப் பெரிய வைத்தியம் தேவையில்லை. வால்டன், கோஹன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இந்த இடம் நமக்கானதுதானா என்ற கவலை முதலாமாண்டில் எல்லோருக்கும் வரும், நாளடைவில் போய்விடும்’ என்று சீனியர்கள் சொன்னதை மாணவர்களைப் படிக்கவைத்தார்கள். ஒரு மணி நேர வேலைதான். அதில் பங்கெடுத்த அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது. வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது.

ஆகவே, தாள் கைக்கு வந்த அன்றே பிரியுங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் நேரம் போதவில்லை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிறகு ஆசிரியரிடம் போங்கள். “எதுவுமே புரியலை சார்” என்றால் அவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. “மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படி வந்தீர்கள்?” என்று கேளுங்கள். அப்படி வரும் மாணவரை எனக்குத் தெரிந்த எந்த நல்ல ஆசிரியரும் திருப்பி அனுப்பியதில்லை. எரிந்து விழுபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவரை விட்டுவிட்டு வேறு ஆசிரியரிடமோ சீனியரிடமோ அதே கேள்வியோடு போங்கள். ஒருவர் முகம் சுளித்தார் என்பதற்காகக் கேள்வியைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள்.

வகுப்புக்குப் போகாமல் நோட்ஸை வாங்கிக்கொள்வது

க்ரெடே குழுவினர் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கல்லூரி மதிப்பெண்ணைக் கணிப்பதில் நுழைவுத் தேர்வைவிட வகுப்பு வருகைக்கே அதிகத் தொடர்பு தெரிந்தது. நண்பர் தனக்குத் தேவை என்று பட்டதைத்தான் நோட்டில் எழுதியிருப்பார். உங்களுக்குப் புரியாதது அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் “நல்லா இருக்கேன்” என்று மட்டும் சொல்வது

வீட்டு ஏக்கம் வராதவர் குறைவு. அது பலவீனம் இல்லை. அதை மறைக்கத்தான் நிறைய சக்தி செலவாகிறது. வீட்டில் ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லுங்கள். அதே சமயம், ஏக்கம் வரும்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். கூட இருப்பவர்களோடு ஒட்டுதல் உண்டாவது பெரும்பாலும் வகுப்பில்லாத விடுமுறை நாட்களில்தான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் சரியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வெறும் ஏக்கம் இல்லை. கல்லூரியின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ தாமதிக்காமல் பாருங்கள்.

முதல் வாரத்து நட்புக்கூட்டத்தையே கடைசிவரை கட்டிக்கொண்டு இருப்பது

பக்கத்து இருக்கை என்பதற்காகச் சேர்ந்தவர்கள் அவர்கள். விலகி வேறு நண்பர்களைத் தேடினால் அது துரோகம் ஆகாது.

மதிப்பெண் வந்த வாரத்திலேயே துறையை மாற்ற முடிவெடுப்பது

முதலில் விடைத்தாளைப் பிரியுங்கள்.