மூன்று நாள் பழ உணவு: முதல்முறை முயல்பவர்களுக்கு

தீபாவளி, கல்யாண விருந்து என்று வரிசையாகச் சாப்பிட்டு உடம்பு கனத்துப்போனவர்கள் பலரும் "கொஞ்ச நாள் பழம் மட்டும் சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்கள் மூன்று நாள் செய்து பார்க்கலாம். அதற்கு மேல் நீட்ட வேண்டாம் என்பேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், யாருக்கு இது வேண்டாம்?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் இதைத் தொடவே வேண்டாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்குப் பழத்தில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கும். ரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. அதனால் அவற்றைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: முந்தைய வாரம்

காபியைப் படிப்படியாகக் குறையுங்கள். நான்கு டம்ளர் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாள் மண்டை பிளக்கும். அந்தத் தலைவலியைப் பலர் "கழிவு வெளியேறுகிறது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். காபி இல்லாததால் வருகிற வலி அது, வேறொன்றுமில்லை.

படி 2: சந்தைக்குப் போகும்போது

ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ பழம் தேவைப்படும். சீசனில் மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள், கிவியும் ப்ளூபெர்ரியும் தேடி அலைய வேண்டாம். கொய்யாவைச் செங்காயாக வாங்கினால் இரண்டு நாள் தாங்கும், கடித்துத் தின்னவும் நன்றாக இருக்கும். பப்பாளி முழுக்க மஞ்சளாக இருக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் மஞ்சள் ஏறி, விரலால் அழுத்தும்போது லேசாக அமுங்கினால் போதும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். வாசனையே இல்லையென்றால் இன்னும் ஒரு நாள் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

கூடவே வேர்க்கடலையும் ஒரு தேங்காயும் வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தபோது பழ உணவைக் கடைப்பிடித்த காந்தியும் வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சையோடு வேர்க்கடலையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக்கொண்டார். வெறும் பழத்தில் புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு.

படி 3: ஒரு நாள் சாப்பாடு

காலையில் பப்பாளி 400 கிராம். பதினொரு மணிக்கு இரண்டு கொய்யா. மதியம் நான்கு பூவன் பழம், ஒரு மாதுளை, ஒரு துண்டு தேங்காய். மாலை ஊறவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. இரவு ஏழு மணிக்குள் அரை கிலோ தர்பூசணி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,300 கலோரி வரும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வயிற்றுக்குள் போனால்தான் சோர்வு வராது.

ஜூஸ் போடாதீர்கள், மென்று தின்னுங்கள். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாறுக்கு மூன்று, நான்கு பழம் போகும். அவ்வளவையும் உரித்துத் தின்றால் வயிறு நிறையும். பிழிந்து குடித்தால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும், அரை மணியில் மறுபடி பசிக்கும்.

பழத்தில் உப்புச் சத்து மிகக் குறைவு. வெயில் காலத்தில் ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைத் தண்ணீரோ தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள். புளிப்புப் பழம் தின்றதும் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம், எனாமல் தேயும். கண் இருட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுச் சோறு சாப்பிடுங்கள். இதில் வைராக்கியம் காட்டக் கூடாது.

எடை எவ்வளவு குறையும்?

தராசு ஒன்றரைக் கிலோ குறைத்துக்கூடக் காட்டலாம். அதில் பெரும்பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடும் உப்பும் குறையும்போது அந்தத் தண்ணீர் வெளியேறும், வழக்கத்துக்குத் திரும்பியதும் மறுபடி வந்து சேரும். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். தினமும் 2,000 கலோரி சாப்பிட்டவருக்கு மூன்று நாளில் 2,000 சொச்சம்தான் குறைகிறது. அதாவது, கரைந்த கொழுப்பு கால் கிலோவுக்குச் சற்று மேல்.

நாள்களை ஏன் நீட்டக் கூடாது என்பதற்கும் கணக்கு உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் 50 கிராம் புரதம் வேண்டும். மேலே சொன்ன பட்டியலில் பாதிதான் கிடைக்கும். நாள் கூடினால் தசை கரையத் தொடங்கும். பி12 வைட்டமினும் பழத்தில் இல்லை.

இதன் உண்மையான பலன் நாக்குக்குத்தான். டீயோடு பிஸ்கட், மிக்சர் என்று கை தானாகப் போகும் பழக்கம் மூன்று நாளில் கொஞ்சம் தளரும். மலம் இளகி வயிறு லேசாகும்.

படி 4: நான்காம் நாள்

நேரே பிரியாணிக்குப் போகாதீர்கள். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதமும் பாசிப்பருப்புக் கூட்டும், இரவு ஒரு கிண்ணம் தயிர். மறுநாளிலிருந்து வழக்கமான சாப்பாடு. சாயங்காலப் பலகாரத்துக்குப் பதில் அந்த இரண்டு கொய்யாவை மட்டும் தொடருங்கள். ஒரு மாதம் கழித்து எடை பாருங்கள், அப்போது தெரிவதே உங்கள் கணக்கு.