போகும்போது படகு, திரும்பும்போது நடை

ஆறும் கால்வாயும் உள்ள ஊருக்குப் போனால் எல்லாரும் முதலில் சுற்றுலாப் படகுக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். கண்ணாடிக் கூரை, ஒலிபெருக்கி, ஒரு மணி நேரம் கழித்து ஏறிய இடத்திலேயே இறக்கம். தப்பில்லை. ஆனால் அதற்கு முன், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வர ஏறும் படகு இருக்கிறதா என்று விசாரியுங்கள். வெனிஸில் 1ஆம் எண் வபொரெட்டோ (நீர்ப்பேருந்து) பெரிய கால்வாய் நெடுக நின்று நின்று போகும். ஆம்ஸ்டர்டாமில் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பின்பக்கத்திலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் படகுக்குக் கட்டணமே கிடையாது. எனக்குப் பிடித்தது பாங்காக்கின் சேன் சேப் கால்வாய்ப் படகுதான். ஓரத்தில் உட்கார்ந்தால் கயிறு உங்கள் பொறுப்பு. எதிரே இன்னொரு படகு வரும்போது அதை இழுத்தால் பிளாஸ்டிக் திரை மேலே ஏறும், மறந்தால் கால்வாய்த் தண்ணீர் உங்கள் மேல் மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் மேலும்தான், அப்புறம் அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே! நடத்துநர் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளிவிளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார்.

சரி, திட்டம் இதுதான்: நாலைந்து துறை தள்ளி இறங்கிக் கரையோரமாக நடந்து திரும்புங்கள். முதலில் நடந்துவிட்டுப் படகில் திரும்பலாம் என்று நினைத்தால், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்ற கவலையிலேயே பாதி நேரம் போய்விடும். படகில் முதலில் போனால், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று போகும்போதே குறித்துக்கொள்ளலாம், கால் வலித்தால் பேருந்தும் ஏறிக்கொள்ளலாம்.

ஆறு கடலுக்குப் பக்கம் என்றால் ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை) பார்க்காமல் கரையில் இறங்காதீர்கள். லண்டனில் தேம்ஸ் சில நாட்களில் 7 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் நீங்கள் இறங்கிய படி மத்தியானம் தண்ணீருக்குள் இருக்கும்.

கால்வாய் நடைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே லண்டனில் 1820இல் வெட்டி முடித்த ரீஜண்ட்ஸ் கால்வாய் சுமார் 14 கிலோமீட்டர். அதன் கரைப்பாதை, குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு போன பாதை. பழைய பாலங்களின் அடியில் மூலையில் பதித்த இரும்பைத் தடவிப் பாருங்கள், ஈரக்கயிறு உரசி உரசி விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்திருக்கும். இஸ்லிங்டன் சுரங்கம் வந்ததும் பாதை நின்றுவிடும், பயப்படாமல் தெருவுக்கு ஏறி மறுமுனையில் இறங்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் மணி கேட்டால் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்காதீர்கள், சுவர்ப் பக்கம்.

வழியில் மதகில், அதாவது இரு முனையிலும் கதவு வைத்து, நீரை ஏற்றி இறக்கிப் படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் மாற்றும் தொட்டியில், படகு காத்திருந்தால் கட்டாயம் நில்லுங்கள். கதவின் இரண்டு பக்கமும் நீர்மட்டம் சமமாகும்வரை எவ்வளவு தள்ளினாலும் கதவு அசையாது, சமமானதும் ஒரே ஆள் முதுகைக் கொடுத்துத் திறந்துவிடுவார்.